பதினோராம் அறையின் ரெனிஸ்காரி

பதினோராம் அறையில் எனக்கு வேலையே இருப்பதில்லை. கடல்கடந்து வந்த ஸ்காபரோவில், ஒரு மோட்டலில் மற்றவர்கள் கசக்கிப்போட்ட கட்டில்களை விரிப்பதுதான் என் பிழைப்பு. அங்கே மட்டும் நான் போகுமுன்பே போர்வை ஒரு சுருக்கமின்றி இழுத்துவிடப்பட்டிருக்கும். விரித்தவள் ஒரு ரஷ்ய ரெனிஸ் ஆட்டக்காரி. ஏழு வயதில் அரசின் விளையாட்டு விடுதியில் பழகியவளாம். அந்த அரசுதான் மட்டை கொடுத்தது, விமானம் ஏற்றியது, அவள் வென்ற கிண்ணங்களைக் கண்ணாடிக்குள் வைத்தது. பிறகு அந்த நாடே உடைந்து, அரசே இல்லாமற்போயிற்று. இப்போது இருபத்தாறு வயது, நொந்த கணுக்கால், துணைக்குத் தாய். தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் அன்று. வென்றால் பெரிய போட்டி. தோற்றால் இனி ஆட்டமே இல்லை என்று தாய் இரு கைகளையும் விரித்துக் காட்டியிருந்தாள்.

அவர்கள் டாக்சியை நோக்கி நடக்க, கட்டிலில் கணுக்கால் கட்டு கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு, "ஹலோ! ஹலோ!" என்று கத்தியபடி ஓடினேன். கத்திய பிறகுதான் நினைவு வந்தது. பயணம் வெளிக்கிட்டவரைப் பின்னால் கூப்பிடலாமா? யாழ்ப்பாணத்தில் ஒரு காலை, சைக்கிளில் ஏறிய தம்பியை இப்படித்தான் குடையோடு துரத்திக் கூப்பிட்டேன். போனவன் இன்னும் வீடு வரவில்லை.

அவளும் வெளிறிப்போனாள். அறைக்குத் திரும்பி, கண்ணாடியில் முகம் பார்த்து, தாயோடு கட்டிலில் பேசாமல் குந்தினாள். திரும்பி வந்ததற்குப் பரிகாரம்போல. அவள் ஊரிலும் இந்தச் சகுனம் இருக்கிறதா! நான் ஓடிப்போய், எங்கள் ஊர்ப் பரிகாரமாகத் தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

வாசலில் டாக்சி ஓட்டும் தமிழ்ப் பெடியன் ஹோர்ன் அடித்தான். "அக்கா, உவை விளையாடப் போகினமோ, பொம்பிளை பாக்க வந்திருக்கினமோ? பிந்தினா ஆட்டம் போச்சு!"

"பொறு தம்பி, தண்ணி குடிக்கட்டும்."

அன்று தேய்த்த குளியலறைகள் எத்தனை, தெரியாது. எங்கள் ஊர்ச் சாமி நல்லூரானிடம் அவளுக்காக மன்றாடினேன். அவருக்கு ரெனிஸ் விளங்குமோ என்ற பயம் வேறு.

மாலையில் நொண்டிக்கொண்டு வந்தாள். தோல்வி.

"ஐ ஆம் சொறி," என்றேன்.

"நோ, நோ. யூ வோட்டர், வெரி குட்," என்று அவள் என் கையைத் தடவினாள். நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்பதை எந்த மொழியில் சொல்வது?

தாய் ஊருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஒரு கையால் மகளின் கணுக்காலில் ஐஸை அழுத்தியபடி, கண்ணீர் வழிய, குரலை மட்டும் உயர்த்திக் கலகலவென்று சிரித்தாள். ஒரு சொல்லும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் அந்தச் சிரிப்பை அறிவேன். ஞாயிறுதோறும் கொழும்பிலிருக்கும் அம்மாவுக்கு, "இஞ்ச ஒரு குறையுமில்லை," என்று நான் சிரிக்கும் சிரிப்பு அது.