மீன் வாசம் படாத தக்காளி

போன ஞாயிற்றுக்கிழமை என் சவரக் கத்தியால் ஒரு தக்காளியை அறுத்தேன். சிரிக்காதீர்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்த மூன்று பேருக்கும் உலகத்தில் அதைவிடப் பெரிய காரியம் வேறு இல்லை.

விஷயம் இதுதான். என் மனைவி ரெஜினாவுக்கு மசக்கை. எல்லாருக்கும் வருவதுதானே என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு துறைமுக ஆபீசுக்குப் போய்வந்தேன். ஆனால் இவளுக்கு வந்தது வேறு தினுசு. கஞ்சி தங்கவில்லை. மோர் தங்கவில்லை. எலுமிச்சம்பழத் தண்ணீர்கூடத் தங்கவில்லை. அடுப்பில் உலை கொதித்தாலே கிணற்றடிக்கு ஓடிவிடுவாள்.

போன வருஷம் இப்படித்தான் ஆரம்பித்து, ஒரு பிள்ளை பாதியிலேயே கலைந்துபோயிற்று. அந்தப் பயம் வேறு. லேடி டாக்டர் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமைக்குள் வயிற்றில் ஏதாவது தங்க வேண்டும். இல்லாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள். அப்புறம் பிள்ளையைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர் மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது சத்தமாகக் கேட்டது.

எல்லாவற்றையும்விட ரெஜினாவுக்கு ஆகாமல் போனது மீன் வாசனை. ராயபுரத்தில் இருந்துகொண்டு மீன் வாசனை ஆகாது என்றால் எங்கே போவது? இங்கே காற்றே அப்படித்தானே வீசுகிறது! அதிலும் என் மாமியார் சூசையம்மாள் மீன் விற்கிறவர். மகளைப் பார்த்துக்கொள்ள எண்ணூர் முகத்துவாரக்குப்பத்திலிருந்து வந்திருந்தார். வந்ததும் வராததுமாக ஆசையோடு மகளைக் கட்டிக்கொண்டார். மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினாள்.

"இன்னா மாப்ளே இது... பெத்தவ வாசன பொண்ணுக்கு ஆவலியா?"

சீயக்காய் தேய்த்துக் குளித்தார். மஞ்சள் பூசிக் குளித்தார். என் வாசனை சோப்பையும் ஒரு கை பார்த்தார். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசல் நடையில் போய்ப் படுத்துவிட்டார். மகளுக்குப் பணிவிடை செய்ய வந்த தாய், மகளுக்குக் கிட்டே போக முடியாமல் கிடந்ததைப் பார்க்க எனக்கு மனசே ஆகவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ரெஜினா தானாக வாய் திறந்தாள்.

"அந்த கார்டு வூட்டம்மா ஒருவாட்டி குடுத்தாங்களே... ரொட்டி நடுவுல தக்காளி வச்சி... அது துன்னணும் போல கீது."

சாண்ட்விச்! பக்கத்து வீட்டில் ரயில்வே கார்டு ஒருவர் இருக்கிறார். ஆங்கிலோ இந்தியர். ரெஜினாவுக்குச் சீமைத் தக்காளி விதை கொடுத்ததே அவர் மனைவிதான். அதை இவள் பழைய மண்ணெண்ணெய் டின்களில் போட்டுக் கிணற்றடியில் வளர்த்தாள். இப்போதுதான் பழுக்க ஆரம்பித்திருந்தது.

யோசித்துப் பாருங்கள்... அடுப்பு வேண்டாம், தாளிப்பு வேண்டாம், புகை வேண்டாம். மசக்கைக்காரிக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்த மண்டைக்கு இது முன்னாலேயே ஏன் தோன்றவில்லை? செய்முறை கேட்கலாம் என்றால் கார்டு வீட்டார் அரக்கோணம் போய்விட்டார்கள். பரவாயில்லை, ரொட்டியும் தக்காளியும்தானே என்று பேக்கரிக்கு ஓடினேன். ரொட்டியை அவர்களே துண்டு போட்டுக் கொடுத்தார்கள்.

செடியில் பழுத்திருந்தது மூன்றே பழம். ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மாமியார் இரண்டைப் பறித்து, அரிவாள்மணையில் வட்ட வட்டமாக அரிந்து கொடுத்தார். நான் வெண்ணெய் தடவி, உப்புத் தூவி, அடுக்கிக் கொண்டுபோய் நீட்டினேன். ரெஜினா ஆசையோடு வாங்கினாள். வாய் வரைக்கும் கொண்டுபோனாள். நிறுத்தினாள்.

"மீன் நாறுது."

அவ்வளவுதான். கிணற்றடிக்கு ஓட்டம்.

நான் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. மாமியார் மோந்து பார்த்தார். அவருக்கும் இல்லை. எப்படித் தெரியும்? எங்கள் இரண்டு பேருக்கும் ராயபுரத்து மூக்கு. மீன் வாசனையை அது வாசனையாகவே சேர்த்துக்கொள்வதில்லை!

திடீரென்று மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ மாதாவே! அர்வாமனை! சாம்ப போட்டுத் தேச்சேனே மாப்ளே... நானே கெடுத்துட்டேனே!"

அவரை மட்டும் சொல்லி என்ன? உப்பு நான் எடுத்ததுதான். மசக்கைக்கு முன்னால் மீனுக்கு உப்புப் போட்ட கை தினமும் நுழைந்த அதே ஜாடியிலிருந்து!

மிச்சம் ஒரே ஒரு பழம். மற்றதில் ஒன்று செங்காய், மீதியெல்லாம் பச்சைக் காய். கடைத்தெருவில் வாங்கலாம் என்றால் அங்கே தக்காளிக் கூடைக்குப் பக்கத்திலேயே மீன் கூடை. இந்த வீட்டில் மீனைத் தொடாத கத்தி என்று ஒன்று உண்டா? இருவரும் சமையல்கட்டையே உருட்டினோம். மாமியார்தான் கண்டுபிடித்தார்.

"மூஞ்சி வழிக்கிற கத்தி கீதே, மாப்ளே!"

கத்தியை வெந்நீரில் போட்டு எடுத்தேன். தெருமுனைக் கடையில் புது உப்பு வாங்கினேன். தட்டுக்குப் பதில் வாழை இலை. மாமியார் ஜெபமாலையை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் தாண்டிப் போய்விட்டார். "என் காத்துகூடப் படவேணாம்" என்றார்.

வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். தக்காளியைச் சவரக் கத்தி அறுக்கிற அழகே தனி... தோல் நசுங்குவதில்லை, சாறு சிந்துவதில்லை. அறுத்ததில் உப்புத் தூவி, துணிமேல் பரப்பிக் கொஞ்ச நேரம் விட வேண்டும். தண்ணீர் வடியும். ஒற்றியெடுத்துவிட்டு, ரொட்டியில் ஓரம் வரைக்கும் வெண்ணெய் தடவி நடுவில் வைக்க வேண்டும். வெண்ணெய்தான் ரொட்டி ஊறிப்போகாமல் காக்கிறது. செய்ததும் தின்றுவிட வேண்டும்.

ரெஜினா மோந்து பார்த்தாள். மறுபடியும் மோந்து பார்த்தாள். ஒரு கடி. மென்றாள்... விழுங்கினாள். இன்னொரு கடி. நான் மூச்சே விடவில்லை. முழுவதையும் தின்றுவிட்டுச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். தங்குமா, தங்காதா? பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படிக் காத்திருந்ததில்லை.

கொஞ்சம் கழித்துக் கண் திறந்தாள். "ஒண்ணும் பண்ணல" என்றாள். பிறகு, "அம்மா எங்க?"

"தோ, இங்கதான்டி கீறேன்!" பின்வாசலுக்கு வெளியே இருந்து சத்தம் வந்தது.

"அங்கியே இரும்மா. ஆனா பேசிக்கினே இரு."

மாமியார் வெளியே நின்றபடியே பேசினார்... எதிர்வீட்டுக்காரி சண்டை, குப்பத்தில் யாரோ வாங்கின புது வலை, ஏதேதோ. குரல் மட்டும் கம்மிக்கொண்டே இருந்தது. அதைக் கேட்டுக்கொண்டே ரெஜினா தூங்கிப்போனாள். நான் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிற சாக்கில் வெட்கமில்லாமல் அழுதேன். அப்பாடா என்கிற வார்த்தைக்கு அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

திங்கட்கிழமை இன்னொரு பழம் சிவந்தது. அதுவும் தங்கியது. டாக்டர் நாடி பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார். திரும்பி வரும்போது குதிரை வண்டிக்காரன் அதிகம் கேட்டதைக்கூடப் பேசாமல் கொடுத்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

படுத்திருக்கிறவர்களுக்கு நாம் என்ன செய்கிறோம்? இதைச் சேர், அதைச் சேர், இன்னும் கொஞ்சம் சேர்... எதை எடுத்துவிடலாம் என்று யாராவது யோசிக்கிறோமா?

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் இலையில் மீந்திருந்த துண்டை மாமியார் வாயில் போட்டுக்கொண்டார். ரொம்ப நேரம் மென்றார். முகத்தைச் சுளித்தார்.

"புளி இல்ல, காரம் இல்ல, ஒரு மண்ணும் இல்ல... இதுல இன்னாதான் கீது மாப்ளே?"

"ஒண்ணும் இல்ல அத்தே. அதான் தங்கிச்சு."