ஒரு மணிநேர விரிவுரையாளர்

நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழக நூலகத்துக்கு இன்று தெஹியோவிட்ட பக்கத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறவர்.

"நான் பேசின படம் இங்க இருக்காம். பார்க்கணுங்க."

ஆவணப்படம் இருக்கிறது. ஆனால் தயாரிப்பாளரோடு செய்த உரிம ஒப்பந்தப்படி மாணவர்களுக்கும் விரிவுரையாளர்களுக்கும் மட்டுமே திரையிடலாம் என்றேன்.

"அதுல இருக்கிறதே நாந்தானுங்களே."

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

நூலகர் ஒரு படிவத்தை எடுத்து, அக்காவின் பெயரை 'வருகைதரு விரிவுரையாளர்' என்று எழுதினார். படம் ஓடியது.

முடிந்ததும் அக்கா கேட்டார்: "நான் பாடினது இருக்கு. நாங்க குடியிருக்கிற லயத்துக் கூரை ஒழுகுறத அவ்வளவு நேரம் சொன்னேனே, அது எங்கங்க?"

ஒப்பந்தத்தை மறுபடி முழுக்கப் படித்தேன். படத்திலிருந்து வெட்டியதைத் திருப்பிக் கேட்கும் உரிமை யாருக்கென்று அதில் இல்லை.

உங்கள் நூலகத்து ஒப்பந்தத்தில் இருந்தால் சொல்லுங்கள்.