புகையிலைக் கிடங்கில் லியோட்டாவின் குழு

லியோட்டா கிரென்ஷாவுக்கு எதற்கெடுத்தாலும் பயம். நாய் குரைத்தால் பயம், இடி இடித்தால் பயம், கணவன் ஹார்லன் காரைக் கொஞ்சம் வேகமாக ஓட்டினால் பயம். அமெரிக்காவின் ஒமாஹா நகரில், கறுப்பர்கள் குடியிருந்த இருபத்து நான்காவது தெருவில் எல்லோருக்கும் இது தெரியும், கேலியும் செய்வார்கள். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதும் கேலி செய்தவர்களுக்குத் தெரியும். அவளுக்கு ஒன்பது வயதில் வெள்ளைக்காரக் கூட்டம் ஒன்று கோர்ட்டுக்குத் தீ வைத்து, உள்ளே இருந்த கறுப்பர் ஒருவரை வெளியே இழுத்துக் கொன்றது. அன்றைக்கு அம்மா அவளைக் குளியல் தொட்டியில் படுக்க வைத்து மேலே மெத்தையைப் போட்டு மூடினாள். மெத்தைக்கு அடியில் கிடந்தவளுக்குக் கேட்டதெல்லாம் தெருவில் ஓடும் கால்களின் சத்தம்தான். எத்தனை பேர், எந்தப் பக்கம், நெருங்குகிறார்களா விலகுகிறார்களா என்று காதாலேயே பிரித்துப் பார்க்க அன்று பழகினாள். பிற்காலத்தில் சோறு போட்டதும் அந்தக் காதுதான்.

சர்ச்சில் பியானோ கற்றுக்கொண்டதற்குக்கூடப் பயம்தான் காரணம். அங்கே பியானோ சுவரோடு ஒட்டிக் கிடந்தது. ஜனங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்காரலாம்.

ஹார்லன் ட்ரம்பெட்காரன். ஜாஸ் குழு ஒன்று வைத்திருந்தான். நெப்ராஸ்கா, அயோவா, கான்சஸ் என்று ஊர் ஊராகப் போய் நடன அரங்குகளில் வாசிப்பார்கள். எந்த வாத்தியம் எங்கே எழவேண்டும், எது எங்கே அடங்கவேண்டும் என்று சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவள் லியோட்டா. மேடையில் பெயரும் கைதட்டலும் ஹார்லனுக்கு. அதில் அவளுக்கு வருத்தமே இல்லை, நிம்மதிதான்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. பட்டாளம் குழுவிலிருந்து ஆளாக ஆளாக உருவிக்கொண்டே வந்து, கடைசியில் ஹார்லனையும் கூப்பிட்டுவிட்டது. ரயில் நிலையத்தில் அவன் சீருடையில் நின்றுகொண்டு, "வருஷம் பூரா வாசிக்கிறதா வாக்கு கொடுத்திருக்கேன், லியோ. நீ நடத்து" என்றான்.

"நானா? எத வெச்சு நடத்துறது? ஆம்பளைங்க எல்லாரையும்தான் கொண்டு போயிட்டாங்களே!"

"பொம்பளைங்க இருக்காங்கல்ல?"

அவன் பாதி விளையாட்டாகத்தான் சொன்னான். ரயில் கிளம்பிவிட்டதால் மறுத்துப் பேச அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

சர்ச்சில் ஊதியவர்கள், பள்ளிக்கூட வாத்தியக் குழுவில் இருந்தவர்கள், சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ட்ராம்போன்காரி என்று தேடித் தேடிச் சேர்த்தாள். டிரம்ஸுக்கு வந்தவள் ஜினோபியா. மாட்டிறைச்சி ஆலையில் வேலை பார்த்தவள், ஆறடி உயரம், யாருக்கும் அடங்காத வாய். முதல் நாள் ஒத்திகையில் லியோட்டாவின் கை நடுங்குவதைப் பார்த்து, "நடுக்கத்துலகூட தாளம் தப்பல பாரு இவளுக்கு" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள். லியோட்டாவும் சிரித்தாள்.

பொம்பளைகள் ஊதுகிறார்களாமே என்று வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் ஆடிவிட்டுப் போனது. ஒவ்வொருத்திக்கும் எது வருமோ அதை மட்டும் எழுதிக் கொடுத்தாள் லியோட்டா. வராததை இன்னொருத்தியின் சத்தத்தில் மறைத்தாள். யாராவது பிசகப் போகிறார்கள் என்றால் பிசகுவதற்கு முன்பே அவள் காதுக்குத் தெரிந்துவிடும். ஒரு வருடத்துக்குள் கிரென்ஷா குழு என்றால் ஹார்லனை மறந்து அவளைத்தான் சொன்னார்கள்.

அப்போதுதான் முதல் சாக்ஸபோன்காரி கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். அந்த இடத்துக்கு ஆள் தேடியபோது வந்து நின்றவள் இங்கா லிண்டால். சுவீடனிலிருந்து குடியேறிய விவசாயியின் மகள். வெள்ளைக்காரி, பொன்னிறத் தலைமுடி. வாசல் பக்கம் பார்த்துக்கொண்டே லியோட்டா, "சரி, ஊது பார்க்கலாம்" என்றாள். இங்கா ஊதி முடித்தாள். ஜினோபியா, "இவள விட்டா நான் திரும்ப மாடு வெட்டப் போயிடுவேன்" என்றாள்.

வடக்கே அவளை வைத்துக்கொண்டு வாசிப்பதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் அந்தக் கோடையில் தெற்கே போக அழைப்பு வந்தது. அங்கே கறுப்பரும் வெள்ளையரும் ஒரே பஸ்ஸில் உட்காரக்கூடாது, ஒரே மேசையில் சாப்பிடக்கூடாது, ஒரே மேடையில் வாசிக்கவும் கூடாது. பிடித்தால் ஜெயில். ஜெயிலோடு விட்டால் அதிர்ஷ்டம்.

"நீ வீட்டுல இரு" என்றாள் லியோட்டா.

"முடிக்கு மை போட்டுக்கறேன். முகத்துக்கு மாநிறப் பவுடர் போட்டுக்கறேன். வெளுப்பான கறுப்பர் எத்தனை பேர் இருக்காங்க, மிஸ் லியோட்டா! யாருக்குத் தெரியப் போகுது?"

வேண்டாம் என்று அழுத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இங்கா இல்லாவிட்டால் சாக்ஸபோன் வரிசை முழுவதும் தொய்ந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ஒலியின் மேல் இருந்த ஆசை அவளுடைய பயத்தைவிட ஒரு நூல் அதிகமாக இருந்தது. வாழ்க்கையில் ஒரே தடவை அப்படி நடந்தது, அதுவும் இந்த விஷயத்தில்.

ஜார்ஜியாவின் தெற்குக் கோடியில் ஒரு சிற்றூர். லியோட்டா அதன் பெயரைப் பிறகு ஒருபோதும் வாயால் சொன்னதில்லை, 'அந்தக் கிடங்கு' என்பாள். புகையிலை ஏலம் விடும் தகரக் கொட்டகை. இருட்டிய பிறகு கறுப்பர்கள் தெருவில் நடமாடக்கூடாது என்பது அந்த ஊர்ச் சட்டம், ஆகவே நடனம் உச்சி வெயில் சாய்ந்ததுமே தொடங்கியது. நடுவில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஆடுகிறவர்கள், அந்தப் பக்கம் நாற்காலி போட்டு வேடிக்கை பார்க்கும் வெள்ளைக்காரர்கள். வாசலில் இடுப்பில் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்கள்.

தகரம் காய்ந்து உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. லியோட்டா ஜனங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கையசைத்து நடத்திக்கொண்டிருந்தாள். மூன்றாவது பாட்டில் அதைப் பார்த்தாள். இங்காவின் காதுக்குக் கீழே பவுடர் வியர்வையில் கரைந்து ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. கரைந்த இடத்தில் ரோஜா நிறத்தில் தோல் தெரிந்தது.

லியோட்டாவின் கை தானாக அசைந்துகொண்டிருந்தது, காது மட்டும் முதுகுப் பக்கம் திரும்பிவிட்டது. வாசலில் பூட்ஸ் நகர்கிறதா? இல்லை. நாற்காலி இழுபடுகிறதா? அது வேறு யாரோ. இங்காவின் கண்ணைப் பிடித்து, கழுத்தைத் தொட்டுக் காட்டினாள். முகத்தைத் திருப்பிக்கொள் என்று அர்த்தம். இங்கா அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். தனியாக வாசிக்கச் சொல்கிறாள் என்று நினைத்து எழுந்து நின்றாள்.

எழுந்து மேடையின் முன்னால் வந்து வாசித்தாள். அவ்வளவு நன்றாக அவள் வாசித்ததே இல்லை. ஆடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். லியோட்டாவின் காதில் பூட்ஸ் சத்தம் விழுந்தது. ஒரு ஆள். நெருங்குகிறது.

"நிறுத்து."

இளைய போலீஸ்காரன். குழு நின்றது. ஜினோபியாவின் டிரம்ஸில் இருந்த வெண்கலத் தட்டு மட்டும் கொஞ்ச நேரம் ரீங்கரித்து அடங்கியது.

"ஏய், நீதான் இதுக்குத் தலைவியா? இவ யாரு?"

"எங்க... எங்க பாண்டுல..." என்று இழுத்தாள் லியோட்டா. மெத்தைக்கு அடியில் இருந்த இருட்டு அந்த வெயில் நேரத்தில் அவள் கண்முன் வந்து நின்றது.

"கேட்டதுக்குப் பதில் சொல்லு. இவ கறுப்பியா, வெள்ளைக்காரியா?"

"அய்யோ, என்னத்தப் போயி கேக்கறீங்க!" என்று கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

கையில் பாதி தின்ற மீன் ரொட்டியோடு ஒரு தடித்த அம்மாள் ஆட்களை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். லியோட்டா அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. ஆனால் வாசலில் நின்ற பெரிய போலீஸ்காரனுக்கு அவளைத் தெரிந்திருந்தது. அவன் அம்மா வீட்டில் சமைக்கிறவள் அவள்.

"டெம்பி ஆன்ட்டி, உனக்கு இவளத் தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டே அவனும் வந்தான்.

"தெரியாம என்ன, மிஸ்டர் ரே? என் பெரியம்மா மக லூலாவோட பொண்ணு. சின்னதுல வடக்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. பொறந்தப்பவே வெண்ணெய் மாதிரிதான் இருந்தா."

"இவ்வளவு வெளுப்பா?"

டெம்பி ரொட்டியை ஒரு கடி கடித்து மென்றாள். அவசரமே படவில்லை.

"அவ அப்பன் யாருன்னு கேக்கறீங்களா? நான் சொல்லத் தயார். ஆனா எல்லாரும் இருக்காங்க பாருங்க." அவள் கண் மெல்ல கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய், நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டே வந்தது. "உங்களுக்குத் தெரிஞ்ச குடும்பம்தான். நல்ல குடும்பம். பேரச் சொல்லவா?"

வெள்ளைக்காரப் பெண்கள் தங்கள் கணவர்களைப் பார்த்தார்கள். கணவர்களில் சிலர் ஷூவைப் பார்த்தார்கள். ஒரு கிழவர் தொப்பியை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று வெளியே போனார். மிஸ்டர் ரேயின் கழுத்து சிவந்தது.

"சரி, சரி. போதும்" என்றான் அவன். லியோட்டாவைப் பார்த்து, "வாசிங்க. பொழுது சாயறதுக்குள்ள முடிச்சுட்டு ஊரவிட்டுக் கிளம்பிடணும்" என்றான். இளையவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரே அவன் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

லியோட்டாவால் கையைத் தூக்க முடியவில்லை. தோளிலிருந்து கீழே அது தன்னுடையதாகவே இல்லை. ஜினோபியாதான் கேட்காமலே தாளத்தைத் தொடங்கினாள். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பாதிப் பாட்டு போன பிறகுதான் லியோட்டாவின் கை எழுந்தது.

முடிந்ததும் வாத்தியங்களைப் பஸ்ஸில் ஏற்றும் பரபரப்பில் டெம்பியைத் தேடிப் பிடித்தாள்.

"ஏம்மா இப்படிச் செஞ்சீங்க? எங்கள உங்களுக்கு யாருன்னே தெரியாதே."

"வருஷத்துக்கு ஒரு தடவ இந்த ஊருக்குப் பாண்டு வருது. நடுவுல நிறுத்தினா எனக்குப் பிடிக்காது."

"நாளைக்கு உங்கள ஏதாவது பண்ணிட்டாங்கன்னா?"

டெம்பியின் முகத்தில் முதல் தடவையாகக் குறும்பு மறைந்தது. வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். "அத நான் பாத்துக்கறேன். அந்தப் பொண்ண இன்னொரு தடவ இந்தப் பக்கம் கூட்டிட்டு வராத, கண்ணு. என்கிட்ட இருந்தது ஒரே பொய்தான், அதச் செலவழிச்சுட்டேன். பஸ்ஸ எடு."

வெயில் மஞ்சளாகச் சாய்ந்திருந்தது. இங்காவை பஸ்ஸின் தரையில் படுக்க வைத்து டிரம்ஸ் பெட்டிகளை மேலே அடுக்கினார்கள். ஊர் எல்லை தாண்டும் முன்பே பின்னால் ஒரு கார் ஒட்டிக்கொண்டது. லியோட்டா திரும்பிப் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே தெரிந்தது, ஒரே கார், ஒரே வேகம். நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. பைன் மரங்கள் இரண்டு பக்கமும் கடந்துகொண்டே இருந்தன. யாரோ பின் இருக்கையில் ஜெபம் செய்தாள். இன்னொருத்தி, "சத்தமில்லாம சொல்லுடி" என்று அடக்கினாள். மாவட்ட எல்லையில் ஒரு பாலம். பஸ் பாலத்தில் ஏறியதும் கார் நின்றது, திரும்பிப் போனது.

கொஞ்ச தூரம் போனதும் ஜினோபியா, "நல்ல குடும்பம்தானாம்! பேரச் சொல்லவான்னு கேக்கறா!" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்தாள். எப்போது மாறியது என்று யாருக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை லியோட்டா இங்காவை வடக்கே போகும் ரயிலில் ஏற்றிவிட்டாள். அங்கேயும் பக்கத்தில் நிற்க முடியாது. பத்தடி தள்ளி, வேறு எங்கோ பார்த்தபடி நின்றாள்.

"நான் தப்பா வாசிச்சேனா, மிஸ் லியோட்டா?" என்று இங்கா உதட்டை அசைக்காமல் கேட்டாள்.

"தப்பா வாசிச்சிருந்தா உன்ன நான் எப்பவோ அனுப்பியிருப்பேன்."

அதற்குப் பிறகு அந்த ஊரிலிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் முடியாது என்று சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் போய் வந்த வேறு குழுக்காரர்களைப் பார்த்தால் மட்டும் டெம்பியைப் பற்றி விசாரிப்பாள். அவளை அந்த வீட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள் என்றான் ஒருவன். இல்லை, ஜாக்சன்வில்லில் மகனோடு இருக்கிறாள் என்றான் இன்னொருவன். டெம்பி என்று யாருமே இல்லை என்றும் ஒருவன் சொன்னான். அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு லியோட்டா சாப்பிடவில்லை.

போர் முடிந்து ஹார்லன் திரும்பி வந்தான். ஒத்திகைக்கு வந்து, பழைய பழக்கத்தில் முன்னால் நின்று கையைத் தூக்கினான். பெண்கள் எல்லோரும் லியோட்டாவைப் பார்த்தார்கள். ஜினோபியா குச்சியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஹார்லன் கையை இறக்கினான்.

"எனக்கு ட்ரம்பெட் வரிசையில எடம் இருக்கா?" என்று கேட்டான்.

"மூணாவது நாற்காலி. அதுவும் நல்லா வாசிச்சா" என்றாள் ஜினோபியா.

அவன் அங்கேதான் உட்கார்ந்தான். ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே டெலிவிஷன் பார்க்க உட்கார்ந்து, நடன அரங்குகள் ஒவ்வொன்றாக மூடும் வரை லியோட்டா குழுவை நடத்தினாள். பிறகு ஒரு சவ அடக்க நிலையத்தில் ஆர்கன் வாசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசல் மணி அடித்தது. இங்கா, கூடவே அவள் கணவனும் ஒரு கைக்குழந்தையும். பக்கத்து லிங்கன் நகரிலிருந்து வந்திருந்தார்கள். லியோட்டா கதவைத் திறந்ததும் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். பிறகு இங்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.

"இங்க அந்தச் சட்டமெல்லாம் இல்லயே, மிஸ் லியோட்டா."

"எனக்குத் தெரியாதா? உள்ள வந்து உட்காரு."

காபி குடித்தார்கள். குழந்தையை ஹார்லன் தூக்கி வைத்துக்கொண்டான். அந்த அம்மாளைப் பற்றி ஏதாவது தெரியுமா என்று இங்கா கேட்டாள். தெரியாது என்றாள் லியோட்டா. இங்காவின் கோப்பையில் இன்னும் கொஞ்சம் காபி ஊற்றினாள். இங்காவின் கணவன் மட்டும் எந்த அம்மாள் என்று புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தான்.