மெத்தைக் கடைக்கு மேலே ஒரு பியானோ

ரயில் தாமதமாக வரும் என்று சொல்வது, அதற்காக வருந்துவது, அந்த வருத்தம் ஆறுவதற்குள் அடுத்த ரயிலும் தாமதம் என்று சொல்வது. ஸ்டேஷனில் அவளுடைய வேலை இதுதான். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் தினமும் மன்னிப்புக் கேட்கிறாள். குடியிருப்பில் அவளுக்கு மைக் அக்கா என்று பெயர் விழுந்துவிட்டது. பால் வாங்கப் போனால்கூட, "அக்கா, இன்னிக்குப் பால் எத்தனாவது பிளாட்பாரம்?" என்று கேட்கிறார்கள்.

நாள் முழுக்க ஊருக்கே கேட்கும்படி பேசுகிறவளுக்கு, யாருக்குமே கேட்காத ஒரு சத்தம் தனக்கென்று வேண்டும் என்று ஆசை வந்தது. டிஜிட்டல் பியானோ வாங்கினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டால் வாசிப்பு காதுக்குள்ளேயே தொடங்கிக் காதுக்குள்ளேயே முடிந்துவிடும். வேலை முடிந்து வந்ததும் செருப்பைக் கழற்றிய கையோடு பியானோ முன்னால் உட்கார்ந்துவிடுவாள். முகமே மாறிவிடும்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை, கீழ்வீட்டுக்காரர் படியில் வழிமறித்து மஞ்சள் அட்டையைக் காட்டிவிட்டார்.

அவர் கால்பந்து நடுவராக இருந்தவர்; குடியிருப்பில் அவருக்கு ரெஃப்ரி என்றே பெயர். முழங்கால் கைவிட்டதும் மைதானத்தை விட்டார். அட்டைகளை மட்டும் விடவில்லை. முதல் தடவை மஞ்சள், மறு தடவை சிவப்பு. சிவப்பு வாங்கிய பொருள் குடியிருப்பை விட்டு வெளியேற வேண்டும். மூன்றாவது மாடியின் ஓட்டப் பயிற்சி இயந்திரம் அப்படித்தான் போனது. இரண்டாவது மாடியில் விருந்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு மைத்துனரும் அப்படித்தான் போனார். ரெஃப்ரிக்கு இந்த அதிகாரத்தை யார் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அந்தக் கை மேலே போனதும் அவரவர் கால் தானாக நின்றுவிடும். காரணமும் கேட்க முடியாது. நடுவர் விளக்கம் சொல்வதில்லை.

அதனால் காரணத்தை அவளே யோசித்துக் கண்டுபிடித்தாள்.

"கட்டைய அழுத்துறப்ப டொக்கு டொக்குன்னு ஒரு சத்தம் வருதுல்ல? அது தரை வழியா கீழ இறங்குது. அதானே?"

"இருக்கலாம்," என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்காரர் அவசரமாகத் துணி மடிக்கப் போய்விட்டார்.

பியானோ வாங்கிய கடையில் ஒரே ஒரு முறை மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். இதில் தவறினால் சிவப்பு அட்டை, பியானோவே போய்விடும். இரண்டு நாள் தூங்காமல் யோசித்துவிட்டு நேரே ரெஃப்ரி வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"சார், நீங்களே கடைக்கு வந்து, எது கேக்கலையோ அதைச் சொல்லிடுங்க. அதையே வாங்கிக்கறேன்."

அவர் சற்றே யோசித்தார். "மைதானத்தப் பாக்காம மேட்ச் நடத்தக் கூடாதுதான். வர்றேன்."

பியானோக் கடை முதல் மாடியில் இருந்தது. அதற்கு நேர் கீழே மெத்தைக் கடை. இதைவிட நல்ல வசதி கிடைக்காது என்று அவளுக்கு உற்சாகம் பிறந்தது. ரெஃப்ரி கீழே ஒரு இரட்டைக் கட்டில் மெத்தையில் மல்லாந்து படுத்து, விட்டத்துக்குக் காது கொடுத்தபடி, பதில் சொல்வதற்கு மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டார். மேலே வீட்டுக்காரர் கையில் இன்னொரு போன்.

"சார், இது முதுகு வலிக்குன்னே செஞ்சது," என்றாள் மெத்தைக் கடைப் பெண்.

"ஷ்ஷ்! கேட்டுட்டிருக்கேன்."

மேலே அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முதல் பியானோவை வாசித்தாள்.

"கேக்குது," என்றார் ரெஃப்ரி.

இரண்டாவதற்கும் அதே பதில். டை கட்டிய விற்பனையாளர் மூன்றாவதைக் காட்டி, "இது பஞ்சு மாதிரி மேடம், தொட்டாலே போதும்," என்றார்.

"நல்லாவே கேக்குது," என்றது போன்.

விற்பனையாளருக்கு ரோஷம் வந்துவிட்டது. பியானோவின் காலுக்குக் கீழே ரப்பர் வைத்தார். கம்பளம் விரித்தார். அதற்கும் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டார். பியானோ ஏதோ பட்டாபிஷேகத்துக்குத் தயாரானதுபோல் உயர்ந்துகொண்டே போனது. பலன் இல்லை. கடைசியில் ஹெட்போனைக் கழற்றச் சொல்லி, பிளக்கையும் பிடுங்கினார்.

"இப்ப வெறும் கட்டைய ஓங்கி அடிங்க மேடம். அடிங்க சொல்றேன்."

ரயில்வே மீதிருந்த கோபத்தையெல்லாம் சேர்த்து அடித்தாள்.

"இப்ப ஒண்ணும் கேக்கல. வாசிக்கறாங்களா?" என்றார் ரெஃப்ரி.

விற்பனையாளர் வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் மின்விசிறியைப் பார்த்தார். சிறிது நேரத்தில் ரெஃப்ரியே முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"கட்டைச் சத்தமா? அது எவனுக்குக் கேக்குது? நீங்க பாடுறீங்களே, அதத்தாம்மா தாங்க முடியல."

"நானா? நான் எங்க சார் பாடினேன்?"

"தொண்டை கிழியப் பாடுறீங்க. நடுநடுவுல ரயிலு வேற வருது. இப்பக்கூட ஒண்ண மூணாவது நடைமேடைக்குத் திருப்பி விட்டீங்க."

அவள் விற்பனையாளர் பக்கம் திரும்பினாள்.

"மேடம் ரொம்ப லயிச்சுப் பாடினீங்க," என்றார் அவர், டையைச் சரிசெய்தபடி.

பிறகு வீட்டுக்காரர் பக்கம். "உங்களுக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவே."

"நல்லாவா இருந்துச்சு?"

"சேச்சே! ஆனா, நீ சந்தோஷமா இருந்தே."

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு இன்னொரு முறை வாசித்துப் பார்த்தாள். ஹெட்போனில் இசை எழுந்ததும் உதடு தானாகத் திறந்துகொண்டதாம். விற்பனையாளரின் பேனாவைப் பல்லில் கடித்துக்கொண்டு வாசித்தாள். "பேனாவோட பாடுறீங்க," என்றார் ரெஃப்ரி. பேனாவைத் துடைத்துக் கொடுத்துவிட்டு எழுந்தாள்.

"விடுங்க. பியானோவே வேண்டாம். கொடுத்து வைக்கல."

அவள் குரல் உடைந்ததைக் கேட்டு ரெஃப்ரி தர்மசங்கடமாகக் காலை மாற்றி நின்றார். "அந்த ஹெட்போனக் கழட்டிட்டு வாசிங்க. உங்க குரல் உங்க காதுல விழுந்தா நீங்களே நிறுத்திடுவீங்க."

"ஐயோ! வாசிக்கறது எல்லாருக்கும் கேக்குமே!"

"கேக்கட்டும். ரெண்டு தப்புல எது சின்னதோ அதக் கண்டுக்காம விட்டுடலாம்."

அவர் மறுபடி கீழே போய்ப் படுத்தார். இம்முறை தலையணையும் தயாராக இருந்தது.

இனி டொக்கு டொக்கைப் பற்றிக் கவலை இல்லை. அத்தனை நேரமும் கண்ணெடுத்துப் பார்க்காமல் ஒதுக்கியிருந்த, கட்டை கனமான கறுப்புப் பியானோவிடம் போய் உட்கார்ந்தாள். வாசித்தாள். ஹெட்போனுக்குள் பெரிய அரங்கம்போல் ஒலித்த இசை வெளியே வந்தபோது பக்கத்து வீட்டில் யாரோ புதிதாகக் கற்றுக்கொள்வதுபோல இருந்தது. அந்த யாரோ தான்தான் என்பது உறைத்ததும் வாய் இறுக மூடிக்கொண்டது. மூன்றாவது வரியில் விரல் சறுக்கியது. கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கையை எடுத்துவிட்டாள்.

உடனே போனில் ரெஃப்ரியின் குரல் பதறியது. வீட்டுக்காரர் அதை அவள் பக்கம் நீட்டினார்.

"ஏம்மா நிறுத்திட்டீங்க?"

"தப்பா வந்துடுச்சு சார்."

"வந்தா வரட்டும்! நீங்க நிறுத்தினா பாட ஆரம்பிச்சுடுவீங்களோன்னு எனக்கு இங்க கையும் ஓடல, காலும் ஓடல. வாசிங்கம்மா!"

அவள் விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். கையை எடுக்காமலே விற்பனையாளரிடம், "இதுக்கே பில் போடுங்க," என்றாள்.