மேலே ஒரு வயர், கீழே ஒரு வயர்

"அதுவும் சரிதான், அதுவும் சரிதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே லிப்ட் மெக்கானிக் மாடிப்படித் திருப்பத்தில் தலையணையைப் போட்டு உட்கார்ந்து, பேஸ் கிடாரை மடியில் ஏற்றிக்கொள்கிறார். யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு வாயைப் பழக்கி வைக்கிறார், அவ்வளவுதான். கிடாரிலிருந்து ஒரு வயர் படியேறி மாடிக் கதவுக்கு அடியில் நுழைகிறது. இன்னொன்று படியிறங்கிக் கீழ்க் கதவுக்கு அடியில் போகிறது. வாரம் முழுக்க ஊரிலுள்ள லிப்டையெல்லாம் ஓட வைக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை படிக்கட்டுதான் கதி.

மறுக்கத் தெரியாத ஜென்மம். கடைக்காரர் அழுகின தக்காளியைப் பையில் போட்டால் "பரவாயில்லைங்க, வெட்டிட்டுச் சமைச்சுடலாம்" என்பார். முடிதிருத்துபவர் "மீசை இருக்கட்டுமா, எடுத்துடவா?" என்றால் "உங்களுக்கு எது சௌகரியம்?" என்று கேட்பார். இப்படிப்பட்டவரைத்தான் கடவுள் இரண்டு பிடிவாதக்காரர்களுக்கு நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தார்.

ஒருவர் மனைவியின் அண்ணன். பாடுகிறவர், மாடியில் ஜெராக்ஸ் கடை. இவருக்கு மச்சான். இன்னொருவர் அக்காவின் கணவர். டிரம்ஸ் அடிக்கிறவர், கீழே உதிரிபாகக் கடை. இவருக்கு மாமா. நகமும் சதையுமாக இருந்த காலத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிய கட்டடம் அது. மூன்று பேரும் ஒரே கச்சேரிக் குழுவில் இருந்தார்கள். ஒரு கல்யாண வரவேற்பில் மாமா ஓட, மச்சான் இழுக்க, ஒரே பாட்டு இரண்டு இடத்தில் முடிந்தது. "அவன் பாட்டுப் பாடலை, தாலாட்டுறான்" என்றார் மாமா. "அவர் டிரம்ஸ் அடிக்கலை, பஸ்ஸைத் துரத்துறார்" என்றார் மச்சான். அன்றோடு பேச்சு வார்த்தை நின்று, ஆளுக்கொரு குழுவானது. ஒத்திகை மட்டும் இருவருக்கும் ஞாயிறு காலை அதே நேரம். மாற்றிக்கொள்ளக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

பேஸ் என்பது பாட்டுக்கு அடியில் டும் டும் என்று நடந்து போகிற கனத்த குரல். வாசிக்கும்போது ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். நிறுத்திப் பார்த்தால்தான் "என்னமோ குறையுதே" என்பார்கள். அதை வாசிக்க இரண்டு குழுவுக்கும் கிடைத்தவர் இவர் ஒருவர்தான். மச்சானிடம் முடியாது என்றால் வீட்டில் சோறு இறங்காது. மாமாவிடம் முடியாது என்றால் அக்கா வீட்டு வாசல் மூடிவிடும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. இருவரிடமும் "சரி" என்று தலையாட்டிவிட்டு வந்து, விடியும்வரை தூங்காமல் கிடந்தார்.

காலையில் எழுந்து மனைவியின் மரபீரோவின் ஒரு கதவைக் கழற்றினார்.

அந்தக் கதவுதான் கிடாரின் உடம்பு. பழைய கிடார் ஒன்றின் கழுத்தை வாங்கி ஒட்டினார். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்குகிற காந்தத்துக்குப் பிக்கப் என்று பெயர். ஒன்றிரண்டு இருந்தாலே கிடாருக்கு யதேஷ்டம். இவர் நான்கு வைத்தார். தையல் மெஷின் சக்கரத்தில் செப்புக்கம்பி சுற்றி நாலையும் தானே செய்தார். தடிக்கம்பி இரண்டுக்கு இரண்டு பிக்கப், மெல்லிய கம்பி இரண்டுக்கு இரண்டு. தடியின் சத்தம் ஒரு துளை வழியே மாடிக்கு, மெல்லிசின் சத்தம் இன்னொரு துளை வழியே கீழே. கட்டைவிரல் மச்சானுக்காக இழுக்கும், ஆள்காட்டி விரல் மாமாவுக்காக ஓடும். இடது கை யாருக்கு உழைப்பது என்று தெரியாமல் நடுவில் தவிக்கும்.

"யாருக்காக என் பீரோ திறந்த வீடாக் கிடக்கு?" என்று மனைவி கேட்டபோது "உங்க அண்ணனுக்குத்தான்" என்றார். அக்கா கேட்டபோது "மாமாவுக்குத்தான்" என்றார். இரண்டும் பொய்யில்லை. "ரூமுக்குள்ள உட்கார்ந்தா எனக்கு வாசிக்க வராது, படியிலதான் வரும்" என்று இரண்டு பேரிடமும் சொல்லி வைத்தார், பாருங்கள், அதுதான் சுத்தப் பொய். அதையும் நம்பினார்கள். தன் கதவுக்குள் வருகிற வயரைப் பார்த்து இருவருக்கும் பரம திருப்தி. பாவம், கிடார் செய்த மனிதர் மட்டும் மூடிய கதவுகளுக்கு வெளியே பாதிச் சத்தம் ஒரு காதிலும் மீதிச் சத்தம் மறு காதிலும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். முழுசாக அது எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியாது. உட்கார்ந்து கேட்க ஒரு ஞாயிறாவது யார் விட்டார்கள்?

இன்று பாதி ஒத்திகையில், கிடாருக்குள்ளே பற்றவைத்த ஓர் ஒட்டு விட்டுப்போய், பக்கத்து ஒட்டில் சாய்ந்தது. மாடியில் மச்சான் உருகிக்கொண்டிருந்தபோது ஸ்பீக்கரில் பஸ் ஓடியது. கீழே மாமா பறந்துகொண்டிருந்தபோது தாலாட்டு வந்தது. இரண்டு கதவும் திறந்தன. மச்சான் இறங்கி வந்தார், மாமா ஏறி வந்தார். நடுவில் இவர், மடியில் கிடார், இரண்டு பக்கமும் வயர். மறைக்க என்ன இருக்கிறது? இன்றோடு இரண்டு வீட்டுச் சொந்தமும் போச்சு என்று முடிவே கட்டிவிட்டார்.

மச்சான் வயரைப் பார்த்தார், கிடாரைப் பார்த்தார். "மாப்ளே, இதுல எனக்கு எது?"

"தடிக்கம்பி ரெண்டும், மச்சான்."

"அப்ப எனக்கு?" என்றார் மாமா.

"மெல்லிசு ரெண்டும், மாமா."

"ஏன் தம்பி, அவனுக்குத் தடி, எனக்கு மெல்லிசா? நான் என்ன இளிச்சவாயனா?"

"மெல்லிசுதான் வேகமா ஓடும், வச்சுக்குங்க" என்றார் மச்சான். பல மாதங்களுக்குப் பிறகு அவர் மாமாவிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"உன் பேச்சைக் கேட்டுக் கேட்டுத்தான் ஏமாந்தேன்."

பங்காளிகள் வரப்பில் நின்று நிலம் பிரிப்பது போலப் பேச்சு வளர்ந்தது. இவர் தலைக்கு மேலேயே பேசினார்கள். இத்தனை நாள் ஒரே ஆள் இரண்டு பேருக்கும் எப்படி வாசித்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிடார் நன்றாக வந்திருக்கிறது என்றும் சொல்லவில்லை. அதுதான் அவருக்குச் சுருக்கென்றது. கடைசியில் இருவரும் ஒரு முடிவுக்கு வந்து, குனிந்து அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆளுக்கொரு தடி, ஆளுக்கொரு மெல்லிசு. அப்படிப் பிரிச்சுக் கட்டிடு. என்ன, சரிதானே?"

லிப்ட் மெக்கானிக் மேல் வயரைப் பிடுங்கிப் படியில் போட்டார். கீழ் வயரையும் பிடுங்கிப் போட்டார். பிறகு கிடாரை மார்போடு அணைத்து, பீரோக் கதவில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டு, நாலு கம்பியையும் சேர்த்து மீட்டினார்.