பாவற்கொடிக்கு ஒரு சுடுநீர்ப்பை

நேற்று மருந்துக்கடையில் ரப்பர் சுடுநீர்ப்பை ஒன்றை எடுத்து மோந்து பார்த்தேன். விற்பனைப் பெண் என் வயதை மன்னித்து மறுபக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த மணத்துக்குள் எழுபதுகளில் நாங்கள் வாழ்ந்த வட ஜேர்மனியத் துறைமுகச் சிறுநகரம் அப்படியே இருந்தது: மே நடுப்பகுதிவரை உறைபனி, ஜூனில் கடற்காற்று, ஜூலையில் மழை, இடையில் வெயில் எட்டிப்பார்த்தால் ஊரே கதிரை போட்டு அதன் முன்னால் உட்காரும். அங்கேதான் அம்மா தொட்டியில் பாவற்கொடி வளர்த்தார். முதல் இரண்டு வருடமும் பூத்ததோடு சரி.

மூன்றாம் வருடம், கப்பல் கட்டும் தளத்திலிருந்து வேலை முடிந்து வந்த அப்பாவிடம், "இந்தமுறையும் காய்க்கேல்லையெண்டால் நான் யாழ்ப்பாணம் போறன். உங்கட மழையோட நீங்கள் இருங்கோ," என்றார் அம்மா.

"ஓம், போய் எனக்கும் ரெண்டு பாவக்காய் அனுப்பும்," என்று அப்பா சிரித்தார்.

ஏழு வயதில் நான் எல்லாவற்றையும் அப்படியே நம்புகிற ரகம். அந்தக் கோடை முழுவதும் வெப்பமானியைப் பார்த்து நகம் கடித்து, எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒரு காய்க்காகப் பிள்ளையாரிடம் மன்றாடி, வெளிச்சம் மங்காத மாலைகளில் என் சுடுநீர்ப்பையைத் தொட்டியில் கட்டிவிட்டு, குளிர்ந்த படுக்கையில் கால்களைச் சுருட்டிக் கிடந்தேன்.

செப்டெம்பரில் சுண்டுவிரல் நீளத்தில் ஒன்று காய்த்தது. அம்மா அதை மூன்றாக வெட்டிப் பொரித்தார். வாய்க்குள் கசந்த துண்டை விழுங்காமல் அவர் முகத்தையே பார்த்திருந்தேன்.

"உதுக்கே இவ்வளவு பாடு," என்றார். "அடுத்த வருசம் புடலங்காய் வைப்பம்."

அப்பாவின் துண்டையும் கேட்டு வாங்கித் தின்றேன்.