அமாதோ என்ற குழம்பு

ஹெர்லிந்தா அக்காவுக்கு அழுகை வந்தால் மிளகாய் வறுக்கப் போய்விடுவாள். சமையலறையில் எங்களுக்கு அது புரியவே வெகுநாள் ஆயிற்று. மெக்சிகோவில், ஒஹாக்கா நகரத்தின் பெரிய உணவகம் ஒன்றில் நான் பரிமாறுகிறவன். வெள்ளை விரிப்பு, ஆளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது தட்டு, ஆறு மாதம் முன்பே இடம் பிடித்துவிட்டு விமானம் ஏறி வருகிறவர்கள்.

அக்கா அங்கே சமையல்காரி, மலைக் கிராமத்துக்காரி. ஒரே மகன் அமாதோ. இருபத்திரண்டு வயது. கடற்கரை ஊரில் வேலை பார்த்தவன், இறந்தோர் திருநாளுக்கு வீடு திரும்பும் வழியில் பேருந்து பள்ளத்தில் உருண்டதில் போய்விட்டான். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் சிச்சிலோ வைப்போம். மிளகாய் விதையையும் சோள ரொட்டியையும் கரியாகத் தீய்த்து, மாட்டிறைச்சி வெந்த சாற்றில் கரைக்கிற கறுப்புக் குழம்பு. அன்று அக்காதான் சமைத்தாள். வேறு யாரையும் அம்மிப் பக்கம் அண்டவிடவில்லை.

எட்டு வருஷம் கழித்து, எங்கள் முதலாளி பௌலினோ அந்தக் குழம்பைக் கேட்டார்.

“அது விருந்துக்கு வைக்கறதில்ல, மொதலாளி.”

“ஒரே ஒரு தடவ, அக்கா. எனக்கு மட்டும்.”

செய்தாள். ஒரு வாய் சாப்பிட்டவர் தட்டை வழித்துச் சாப்பிட்டு முடித்தார். மறுவாரம் அது உணவுப் பட்டியலில் ஏறியது. அக்காவைக் கௌரவப்படுத்துவதாக நினைத்து, ‘அமாதோவின் சிச்சிலோ’ என்று அச்சடித்திருந்தார். அவளைக் கேட்கவில்லை. அக்கா அந்த அட்டையைத் தடவிப் பார்த்தாள்.

சமையலறையில் முழுப் பேர் சொல்ல யாருக்கு நேரம்? ‘அஞ்சாம் மேசைக்கு ரெண்டு அமாதோ’, ‘அமாதோ ஆறிப்போச்சு, சூடு பண்ணு’ என்றுதான் கூவுவோம். அவள் அடுப்பை விட்டுத் திரும்பாமல் “வருது” என்பாள். இப்படி மூன்று வருஷம்.

ஒரு மதியம், பாதி சாப்பிட்ட தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன். சாப்பிட்ட அம்மாளுக்குக் கசப்பு பிடிக்கவில்லையாம்.

“அக்கா, அமாதோ திரும்பி வந்துட்டான்” என்றேன், வாய் போன போக்கில்.

சட்டென்று வாசல் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஒரு நொடிதான். அப்புறம் என் கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். மேலங்கியைக் கழற்றி மடித்து மேசையில் வைத்துவிட்டு, பின்பக்கக் கதவு வழியாக நடந்து போனாள். பௌலினோ கிராமத்துக்கே போய்க் கூப்பிட்டார். காப்பி கொடுத்து, மழை பற்றிப் பேசி அனுப்பிவிட்டாளாம்.

அவளைப் பார்க்க எனக்கு ஒரு வருஷம் தைரியம் வரவில்லை. கடைசியில் போனபோது, அவள் ஊர்ச் சந்தையில் மண்சட்டியில் சோள அடை சுட்டு விற்றுக்கொண்டிருந்தாள்.

“வா சில்வினோ. எளச்சுட்டியே. அங்க சோறு போடறதில்லையா?”

“அக்கா, அன்னிக்கு நான்…”

“நீ என்ன பண்ணுவ? அட்டையில எழுதினதத்தானே சொன்ன.” ஓர் அடையைப் புரட்டினாள். “இப்ப யாரு செய்யறா?”

“மொதலாளியே செய்யறாரு. அட்டையிலேருந்து பேர அப்பவே எடுத்துட்டாரு அக்கா. நாங்களும் சொல்றதில்ல.” அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான் சொன்னேன்.

அடை கருகுகிற வாசம் வந்தது. அவள் கவனிக்கவில்லை.

“எடுத்துட்டாரா” என்றாள். “அப்ப அங்கயும் யாரும் அவனக் கூப்பிடறதில்ல.”